குடும்பம் எண் 47

ஆற்காடு சாலையில் மூன்றாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் சத்தம் பதிவாகிவிடும்,
மூடினால் வெந்துபோவோம்.
மூடித்தான் வைத்திருக்கிறோம்.
முக்கோணமாய் மூன்று நாற்காலி,
குழந்தையுடையது மட்டும் உயரம்.

பேரணாம்பட்டிலிருந்து வந்தவர்கள்.
பெயர் எழுதக் கூடாது, எண் போதும்.
அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள்.
அவன் தேங்காய் மண்டியில் எடை போடுகிறான்.
குழந்தைக்கு ஒன்பது மாதம், இரண்டு பல்.

முதலில் அம்மா விளையாடுவாள், அப்பா சும்மா இருக்க வேண்டும்.
பிறகு அவன் முறை. பிறகு இருவரும் சேர்ந்து.
எட்டு வினாடிக்கு ஒரு முறை படத்தை நிறுத்தி
கட்டங்களில் எண் இடுவது என் வேலை:
ஒத்துழைப்பு, போட்டி, விலகல்.

அவன் முறையில் கிலுகிலுப்பை விழுந்தது.
குனிந்து எடுத்தான்.
குழந்தையின் வாய்க்குப் போகுமுன் அவள் கை நீண்டு
வாங்கி, முந்தானையில் துடைத்து,
அவனிடமே திருப்பித் தந்தது.
கையேட்டில் இதற்கு வாயில்காத்தல் என்று பெயர்.
ஒத்துழைப்பில் நான் இரண்டு போட்டேன்.
கிளாடிஸ் நான்கு.
"அவன்கிட்டயேதான குடுத்தா?"
"தொடச்சிட்டு இல்ல குடுத்தா?"
கிளாடிஸ் இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள்.
துடைத்துத் தரவும் ஓர் ஆள் வேண்டும் என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
உங்கள் இருவருக்கும் பொருத்தம் போதவில்லை,
மறுபடி சேர்ந்து பாருங்கள் என்றார் பேராசிரியர்.
நாங்கள் வாதாடி முடியும்வரை
திரையில் உறைந்து, வாயைத் திறந்தபடி
எங்களுக்கு நடுவே அந்தக் குழந்தை.

நான்காம் பகுதிதான் கடினம்.
அவர்கள் இருவரும் பேச வேண்டும்,
குழந்தை வேடிக்கை பார்க்கும்.
பேச அவர்களிடம் ஒன்றும் இல்லை.
முப்பத்தெட்டு வினாடி
ஃபேன் மட்டும் பேசியது.
"கேஸ் சொல்லியாச்சா?"
"நேத்தே."
குழந்தை அவளைப் பார்த்தது,
அவனைப் பார்த்தது,
மறுபடி அவளை.
பிறகு இருமியது.
சளியே இல்லாத, முழுப் பொய்யான இருமல்.
இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி
ஒரே நேரத்தில் கண்டுபிடித்து
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

பழைய பாட்டுகளில்
ஊடியவள் வீட்டுக்குப் பாணன் தூது போவான்,
எவரும் பலிக்காத நாளில்
மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனே வருவான்.
அந்தப் பிள்ளைக்கும் வாயில் என்றுதான் பெயர்.
எங்கள் தாளில் இருமலுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
கிளாடிஸ் அழிக்கவில்லை.

மாலை ஐந்தே கால், கிரீன் சர்க்கிள்.
ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட் பஸ் வருமுன்
குணாளன் மகனை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.
வார நாளில் எங்கள் குடும்பம் என்பது
இந்த ஆறு நிமிடம்.
"ரெண்டு மணிக்கு சிரப் குடுத்தேன்.
முட்டை வேணாம்னுட்டான்.
வலது செருப்பு கடிக்குது, பாரு."
சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தான்.
கீழே ஒரு பக்கம் நீளம்,
கழுத்தருகே ஓர் ஓட்டை எதற்குமில்லாமல்.
என் கை போனது.
பாதி வழியில் தலைமுடிக்குத் திருப்பி
கலையாத முடியைச் சரிசெய்தேன்.
குணாளன் கவனித்தானா, தெரியாது.
படியில் நின்று கையசைத்தான்,
எங்களில் யாருக்கென்று சொல்ல முடியாமல்.

பாகாயம் பஸ்ஸில் தொரப்பாடி நெருங்கும்போது
பக்கத்து இருக்கை அம்மாள்,
மடியில் ஒரு பை முள்ளுக்கத்தரிக்காய்,
"யாரும்மா இப்படி மாட்டிவிட்டது?" என்று
மேல் பொத்தானில் கை வைத்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
மகன்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.
"அப்பா போட்டது."